லேப்டாப், ஃபோன், விண்டோஸ்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரர் "தம்பி, ஒரு லேப்டாப் வாங்கணும்" என்று ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு இதில் ஆசை அதிகம். புதிதாக எது வந்தாலும் உட்கார்ந்து படிப்பேன், கிடைத்தால் கழற்றியும் பார்ப்பேன், விற்பது என் தொழில் இல்லை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டுவதைவிட ஓரிடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே கொடுத்திருக்கிறேன், எளிதானது முதலில், சிக்கலானது போகப்போக.

"அண்ணா, லேப்டாப் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடவா?"

அவசரப்படாதீர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும், அதில் 'டிஸ்க்' என்ற வரிசையைப் பாருங்கள். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் அது 100 சதவீதத்திலேயே நின்றால், உள்ளே இருப்பது அநேகமாகப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், தாமதமும் அதனால்தான். லேப்டாப் ஹார்ட் டிஸ்கில் பெரும்பாலும் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது, அதன்மேல் ஒரு சின்னக் கை ஓடி ஓடித் தகவலை எடுக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைக் கேட்கும், அத்தனைக்கும் அந்தக் கை அலைய வேண்டும், அதுவரை ப்ராசஸர் சும்மா காத்திருக்கும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய எஸ்எஸ்டி என்ற சிப் சேமிப்பகத்தில் அசையும் பாகமே கிடையாது, பழைய லேப்டாப்புகளில் பொருந்தும் சாட்டா வகையே வினாடிக்கு 550 எம்பி வரை படிக்கும்.

என் அத்தையின் லேப்டாப் 2016-இல் வாங்கியது. அடியில் பதினொரு திருகு, பன்னிரண்டாவது ஒன்று ரப்பர் பாதத்துக்கு உள்ளே மறைந்திருந்தது, அதைக் கவனிக்காமல் நெம்பியிருந்தால் மூடி உடைந்திருக்கும். எஸ்எஸ்டி மாற்றி விண்டோஸைப் புதிதாக ஏற்றியதும் இருபது வினாடிக்குள் திரை வந்துவிட்டது. அத்தை அதில்தான் இன்றும் சங்கக் கணக்கு எழுதுகிறார். ஒரு எச்சரிக்கை: மிக மலிவான சில லேப்டாப்புகளில் இஎம்எம்சி என்ற சேமிப்பகத்தைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அதைக் கழற்றி மாற்ற முடியாது. மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

"ரேம் எவ்வளவு இருந்தா போதும்?"

ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் வேலையை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், இன்றைக்குப் புதிதாக வாங்கினால் 16 ஜிபி. பிரவுசர், வேர்டு, வீடியோ கால் மட்டும்தான் என்றால் 8 ஜிபியில் ஓட்டலாம், ஆனால் நான்கைந்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் 8 சொல்வதே இல்லை. 4 ஜிபி என்று எழுதியிருந்தால் என்ன விலையானாலும் வேண்டாம்.

அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, பின்னால் ரேம் கூட்ட முடியுமா என்பது. இப்போது மெலிதான லேப்டாப் பலவற்றில் ரேமும் போர்டோடு பற்றவைத்தே வருகிறது. ஸ்பெக் தாளில் 'எல்பிடிடிஆர்' என்று இருந்தால் பெரும்பாலும் அந்தக் கதைதான், வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ கடைசிவரை அதுதான். ஸ்லாட் இருந்தால் இரண்டு 8 ஜிபி சேர்த்துப் போடுவது ஒரே 16 ஜிபியைவிட நல்லது, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள், 'குரூஷியல்' என்ற பெயரில் நாமெல்லாம் வாங்கிக்கொண்டிருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே நிறுத்துவதாக அவர்களில் ஒருவரான மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் "இப்போதைக்கு 8, அப்புறம் கூட்டிக்கலாம்" என்ற பழைய யோசனை முன்போல் சிக்கனமானது இல்லை.

"விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாமே, இனிமே கம்ப்யூட்டர் ஓடாதா?"

ஓடும். நேற்று எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொன்னாலும் அது சின்ன விஷயம் இல்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவி ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

வீட்டில் பயன்படுத்துகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வருடம், 2026 அக்டோபர் 13 வரை, நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அவர்களுடைய பேக்கப்பில் சிங்க் செய்ய ஒப்புக்கொண்டால் காசு கிடையாது, இல்லையென்றால் 30 டாலர் அல்லது மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளி 1000. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு தெரியும், 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். இன்றே போய்ப் பதிவு செய்யுங்கள், அந்த அவகாசத்தில் அடுத்தது என்ன என்று யோசிக்கலாம்.

"என் மெஷின் நல்லாத்தானே இருக்கு, ஏன் 11 ஏற மாட்டேங்குது?"

வேகம் போதாமல் இல்லை. விண்டோஸ் 11 ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: ப்ராசஸர் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டியின் ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசை, அதற்குப் பிறகு வந்தவை. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், தொடங்கும்போதே நம்பகமான மென்பொருள்தானா என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் வேண்டும். 2017-இல் நல்ல விலை கொடுத்து ஏழாம் தலைமுறை ஐ7 வாங்கியவர் வெளியே நிற்கிறார், அடுத்த வருடம் எட்டாம் தலைமுறை ஐ3 வாங்கியவர் உள்ளே போகிறார். எனக்கு இது இன்றுவரை மனசுக்கு ஒப்பவில்லை.

ஆனால் கைவிடும் முன் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் டிபிஎம், புள்ளி, எம்எஸ்சி என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்துப் பாருங்கள். 2018-க்குப் பிந்தைய மெஷினில் 'டிபிஎம் இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) அணைந்து கிடக்கிறது. இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர், ஆன் செய்து சேமித்தால் சரியாகிவிடும். சொந்தக்காரர் ஒருவருக்கு "போர்டே மாற்றணும்" என்று ஒரு கடையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள், வீட்டில் இரண்டே நிமிடத்தில் முடிந்தது.

"குறுக்கு வழியில 11 ஏத்தித் தர்றேன்னு கடைக்காரர் சொல்றாரே, செய்யலாமா?"

செய்ய முடியும், சோதனையைத் தாண்டும் வழிகள் ஊரறிந்தவை. ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை, அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம். பத்து வருடத்துக்கும் மேலான ப்ராசஸர்கள் சிலவற்றில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது, அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தச் சிப்புகளில் இல்லை. இரண்டாவது மெஷினில் விளையாடிப் பார்க்கலாம். வங்கி வேலை, வருமான வரி எல்லாம் செய்யும் மெஷினில் வேண்டாம்.

"லினக்ஸ் எல்லாம் நமக்கு வருமா சார்?"

வரும், நீங்கள் செய்கிற வேலையைப் பொறுத்து, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாக ஏற்றக்கூடிய இயங்குதளம்தான் அது. பிரவுசர், மெயில், யூடியூப், லிப்ரேஆஃபீஸில் கடிதம், கணக்கு, பிடிஎஃப் என்றால் அதில் லினக்ஸ் மின்ட் என்ற வகை தாராளமாகப் போதும். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. அந்தப் பிள்ளைகளில் ஆர்வமாகத் திறந்து பார்த்தவர்கள் சிலர் இன்று லினக்ஸ் வேலையிலேயே இருக்கிறார்கள், எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

டேலி கணக்கு மென்பொருளும், பென் டிரைவ் மாதிரிச் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் உங்கள் பிழைப்பு என்றால் விண்டோஸிலேயே இருங்கள். லினக்ஸில் அவற்றோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். ஸ்கேனர், பிரிண்டரும் மாடலுக்கு மாடல் மாறும். நல்ல வேளையாக, பென் டிரைவில் போட்டு ஹார்ட் டிஸ்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்ட் எடுக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"512 ஜிபின்னு வாங்கினேன், 476 தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, அதாவது சுமார் 107 கோடி பைட்டை, ஒரு ஜிபி என்கிறது. 512-ஐ அந்தக் கணக்கில் வகுத்தால் 476 வரும். மேக்கில் தயாரிப்பாளர் கணக்கையே பயன்படுத்துவதால் இந்தக் குழப்பம் கிடையாது.

"ஐ5 வாங்கவா, ஐ7 வாங்கவா? ரைசன் 7-னா புதுசுதானே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். பெட்டியின் மேல் பெரிதாக இருக்கும் 5, 7 என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், முழு மாடல் எண்ணைப் பாருங்கள். இன்டெலில் கடைசியில் யூ என்றால் சிக்கன மின்சாரத்தில் ஓடும் மெல்லிய வகை, எச் என்றால் கூடுதல் மின்சாரம் குடித்து வேலை செய்யும் வகை. ஐ5-13500எச்-இல் பன்னிரண்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி), ஐ7-1355யூ-வில் பத்து. கனமான வேலையில் அந்த ஐ5 இந்த ஐ7-ஐ முந்திவிடும். பேட்டரி நீடிக்க வேண்டும் என்பவருக்கு யூ போதும்.

ரைசனின் 7000 வரிசை இன்னும் ஏமாற்றும். அந்த நான்கு இலக்கத்தில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. வடிவமைப்புக்கு ஏஎம்டி வைத்த பெயர் ஜென், எண் கூடினால் புதியது: 7840யூ என்றால் ஜென் 4. 7730யூ என்றால் ஜென் 3. 7520யூ என்றால் ஜென் 2, அது 2019-இல் வந்த வடிவமைப்பு, 2023 மாடல் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. மூன்றும் 7-இல் தொடங்குகின்றன, கடையில் மூன்றையும் 'லேட்டஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளையின் கல்லூரிக்கு வாங்குகிறவர்கள் இந்த ஒரு இலக்கத்தை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். அப்புறம் திரை: வெளிச்சம் 250 நிட்ஸ், நிற அளவு 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்றிருந்தால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்க்க முடியாது, நிறமும் வெளிறித் தெரியும். 300 நிட்ஸுக்கு மேல், 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி கிடைத்தால் ப்ராசஸரில் ஒரு படி இறங்கியாவது அதை எடுங்கள். நாள் முழுக்கப் பார்க்கப் போவது அந்தத் திரையைத்தான்.

"ஏஐ பிசின்னு ஒண்ணு வந்திருக்காமே, அதான் வாங்கணுமா?"

மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் 'கோபைலட் பிளஸ் பிசி' என்று ஒரு முத்திரையை அறிவித்தது. ஏஐ வேலைக்கென்றே சிப்புக்குள் இருக்கும் என்பியு என்ற தனிப் பகுதி வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போட வேண்டும், 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பகம் வேண்டும். நீங்கள் பிரவுசரில் பயன்படுத்தும் சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுகின்றன, அவற்றுக்கு உங்கள் லேப்டாப்பில் என்பியு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மெஷினிலேயே செய்பவை என்றால் வீடியோ காலில் பின்னணியை மங்கலாக்குவது, பேச்சுக்கு உடனடி எழுத்து, திரையைப் படம்பிடித்து வைத்துத் தேடித் தரும் 'ரீகால்' போன்றவை. ரீகால் அந்தரங்கம் பற்றிய எதிர்ப்பால் தள்ளிப்போய் 2025 ஏப்ரலில்தான் எல்லோருக்கும் வந்தது, விருப்பப்பட்டால் மட்டும் ஆன் செய்யலாம்.

முத்திரைக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்த முத்திரையால் 16 ஜிபி ரேம் தானாக வந்துவிடுகிறது, எனக்குப் பிடித்த பகுதி அது. ஸ்னாப்டிராகன் சிப் உள்ளவற்றில் பேட்டரி அருமை, ஆனால் அது இன்டெல், ஏஎம்டியிலிருந்து வேறான ஏஆர்எம் வகை என்பதால் பழைய பிரிண்டர் டிரைவர், சில கேம், மேலே சொன்ன டோக்கன் மாதிரிச் சங்கதிகள் மக்கர் செய்யலாம்.

"மேக்புக் வாங்கலாமா?"

காசு இருந்தால், டேலி இல்லையென்றால், வாங்கலாம். ஏர் மாடலில் 2020-இல் எம்1 வந்ததிலிருந்து விசிறியே கிடையாது, சூடும் சத்தமும் இல்லை. 2024 அக்டோபரில் ஆப்பிள் குறைந்தபட்ச ரேமை 16 ஜிபி ஆக்கியது, பழைய 8 ஜிபி மெஷினைத் தள்ளுபடியில் பார்த்தால் ரேம் கேள்விக்குச் சொன்ன பதிலை ஒருமுறை படித்துவிட்டு முடிவு செய்யுங்கள், இதிலும் பின்னால் கூட்ட வழியில்லை. தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன.

"இந்த ஃபோன்ல 8 பிளஸ் 8, மொத்தம் 16 ஜிபி ரேம்னு போட்டிருக்கான், நிஜமா?"

முதல் 8 மட்டும்தான் ரேம். இரண்டாவது 8, உங்கள் சேமிப்பகத்திலிருந்து கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொண்டு ரேம் நிரம்பும்போது பயன்படுத்துவது. அது உண்மையான ரேமைவிடப் பல மடங்கு மெதுவானது, செட்டிங்ஸில் அணைத்து வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அதே மாதிரிதான் 108 மெகாபிக்சலும். சாதாரணமாக எடுக்கும்போது ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் அந்தச் சென்சார் கொடுக்கிறது. எண்ணைப் பார்க்காமல், அதே ஃபோனில் சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

"ஒரு ஃபோன் எத்தனை வருஷம் வரும்?"

பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம், அப்டேட் நின்றால் மாற்ற வழியில்லை. அதனால் கடையில் கேட்க வேண்டியது, "இதுக்கு எத்தனை வருஷம் செக்யூரிட்டி அப்டேட்?" என்பதைத்தான். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுள் ஏழு வருடம் என்றது, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருடம் என்றது. சாம்சங்கின் ஏ56 போன்ற நடுத்தர விலை மாடல்களுக்கே ஆறு வருடம் கிடைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சட்டமாகவே வந்துவிட்டது: விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும், 800 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும். நமக்கு அந்தச் சட்டம் இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வருடக் கணக்கு மாடல் வெளியான தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை. இரண்டு வருடப் பழைய மாடலைத் தீபாவளி ஆஃபரில் எடுத்தால் அதில் இரண்டு வருடம் ஏற்கெனவே போய்விட்டது.

"சார்ஜை 80-லயே நிறுத்தணும்னு சொல்றாங்களே, நிஜமா?"

லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில், அதுவும் சூட்டில், நெடுநேரம் கிடந்தால் சீக்கிரம் தேய்கிறது. சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்துச் சார்ஜ் போடுவதுதான் ஆகக் கெடுதல். எந்நேரமும் மின்சாரத்திலேயே இருக்கும் லேப்டாப்பில் 80 சதவீத வரம்பைக் கட்டாயம் போடுங்கள், தயாரிப்பாளர் கொடுக்கும் ஆப்பில் இருக்கும். ஃபோனுக்கு, நாள் முழுக்க வெளியே சுற்றுகிறவர் என்றால் 100 வரை ஏற்றுங்கள், வாங்கியது பயன்படுத்தத்தானே.

"பழைய தமிழ் ஃபைலைத் திறந்தா எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கலா வருது. வைரஸா?"

வைரஸ் இல்லை. அந்த ஃபைலில் தமிழ் எழுத்தே இல்லை என்பதுதான் விஷயம். பாமினி மாதிரி எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருந்தார்கள். அதில் 'அம்மா' என்று அடித்தால் ஃபைலுக்குள் உட்காருவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருக்கும் மெஷினில் அம்மா தெரிவார், இல்லாத மெஷினில் அந்த ஐந்து குறிகள்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே தனிக் குறியீடு கொடுக்கும் யூனிகோடில் அம்மா எங்கே திறந்தாலும் அம்மாதான். தமிழ்நாடு அரசும் 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது.

அழிக்காதீர்கள், எல்லாவற்றையும் மீட்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரிக் கருவியில் பழைய எழுத்துருவின் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒட்டினால் யூனிகோடாக வரும். பெயர் தெரியாவிட்டால் பழைய மெஷினில் ஃபைலைத் திறந்து மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள், அதனால்தான் பழைய கணினியைக் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடச் சொல்கிறேன். புதிதாக அடிக்க விண்டோஸிலேயே 2019 முதல் தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, அந்த எழுத்து அமைப்பு 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்தது. ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு ஆங்கில எழுத்து வழியாக அடிப்பதைவிடக் குறைந்த தட்டலில் முடியும்.

"திடீர்னு நீலத் திரையில 48 இலக்க நம்பர் கேக்குது, நான் எதுவுமே போடலையே?"

நீங்கள் போடவில்லை, விண்டோஸே போட்டிருக்கிறது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்போடு வரும் புது மெஷினில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தாலே டிஸ்க் முழுவதும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் ஆகிவிடும், திறக்கும் சாவி டிபிஎம்மில் இருக்கும். பயாஸ் அப்டேட்டோ போர்டு மாற்றமோ நடந்தால் சந்தேகப்பட்டு அந்த 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். வேறொரு ஃபோனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்ச் சாதனங்கள் பகுதியைப் பார்த்தால் அது இருக்கும்.

வாங்கிய அன்று கடைப் பையன் தன் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால் சாவி அவர் கணக்கில் கிடக்கும். எங்கள் தெருவில் ஒரு டீச்சருக்கு இதுதான் நடந்தது. பையன் வேலையை விட்டுப் போய்விட்டார், மெயில் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிட்டது, மூன்று வருட வினாத்தாள்கள் உள்ளேயே போயின. ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள், அன்றைக்கே அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.